வாய் திறக்காத கத்திரி

நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு.

அவ்வளவும் அந்த மனுஷன் தலையில் ஏற்றி வைத்த கடன். அதில் ஒற்றை நோட்டைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கரைத்து மறுபடி மாவாக்கும் தொழிற்சாலையில் அவர் தொட்டிக்காரர். ஒரு மாலை ஷிப்டில் தொட்டி சூடேறி, உள்ளே இருந்த விலை கூடின சரக்கு முழுக்க வீணாய்ப் போயிற்று. அதே மாலையில் அவரும் பக்கவாதம் தாக்கித் தொட்டியடியில் விழுந்தார். வலது கை போயிற்று. வலது கால் பாதி போயிற்று. பேச்சும் போயிற்று. கம்பெனி சரக்குக்கு மட்டும் விலை போட்டது.

அந்தக் கடனைக் கழிக்காமல் பணிக்கொடையைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பேச்சுப் பயிற்சியை இப்போதே ஆரம்பித்தால்தான் நாலு வார்த்தையாவது திரும்பும், தள்ளிப்போட்டால் வாய் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சிக்கு வேண்டிய பணம் அந்தப் பணிக்கொடையில்தான் முடங்கிக் கிடந்தது.

இதெல்லாம் தராசுக்கு விவரமாகச் சொல்லப்பட்டது. தராசு என்பது பட்டப்பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடும் வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்த அம்மாள். எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். அவருடைய உதவியாளன் சோடா. ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவன். முதுகு மக்கர் பண்ணிய பிறகு வாயை வைத்துப் பிழைக்கிறான். எந்த நேரத்தில் பொங்குவான் என்று அவனுக்கே தெரியாது.

தொட்டிக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவன் கண் ஜன்னல் கட்டைக்குப் போனது. அங்கே வரிசையாகக் கத்திரிகள். பெரியது, சின்னது, துருப்பிடித்தது, குழந்தைகள் காகிதம் வெட்டுவது.

"மேடம், இது வீடா, தையல் கடையா?"

தராசு அவன் காலை மிதித்தார். தொட்டிக்காரரின் மனைவி கேட்டுவிட்டாள்.

"அவரு வாயில மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வார்த்தைதாங்க. கத்திரி. எழுந்தா கத்திரி, தண்ணி குடிச்சா கத்திரி. கொண்டாந்து குடுத்தா தட்டி விடறாரு. அது இல்லே போலன்னு வேற வாங்கிட்டு வருவேன். அதையும் தட்டி விடுவாரு. ஒருநாள் கத்திரிக்காயோன்னு சந்தேகம் வந்து ஒரு கிலோ வாங்கிக் காட்டினேன்."

"என்ன பண்ணாரு?"

"எடுத்து என் மூஞ்சியிலேயே எறிஞ்சாரு. இடது கையால. குறி தப்பவே இல்லே."

"அப்ப இடது கை பிரமாதமா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்கக்கா," என்றான் சோடா.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டு போனாள்.

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த தொட்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புரியாதவர் கண் அல்ல அது. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஜன்னலைத் தட்டுகிறவன் கண். சோடாவைப் பார்த்து, "கத்திரி," என்றார். பிறகு இன்னும் அழுத்தி, "கத்திரி!" என்றார்.

சோடா தலையை மட்டும் ஆட்டி வைத்தான்.

"அந்த வார்த்தையைத்தான் மேடம், கம்பெனி மேனேஜர் பிடிச்சுக்கிட்டாரு." இதைச் சொன்னது தொட்டிக்காரரின் தம்பி. தராசைத் தேடி வந்து கேஸைக் கொடுத்தவன் அவன்தான். அண்ணன் சிபாரிசில் அதே தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவன். "சூட்டு அலாரம் ஒயரைக் கத்திரியால வெட்டி விட்டுட்டு அண்ணன் தூங்கிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப இவரு கத்திரி கத்திரின்னு சொல்லவும், பார்த்தியா, தன் வாயாலேயே ஒத்துக்கிட்டாருன்னு..." அவன் குரல் உடைந்தது. "எங்கண்ணன் வேலையில தூங்கற ஆள் இல்லே மேடம். அவரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினவன் நான். உடம்பெல்லாம் வேர்வை. தூங்கறவனுக்கு அப்படி வேர்க்குமா?"

நல்ல கேள்வி என்று சோடா நினைத்தான். ஆனால் வேர்வை கோர்ட்டில் சாட்சி சொல்லாது.

*

மேலாளரின் அறை மீன் வைக்கிற பெட்டி மாதிரி குளிர்ந்தது. மேஜைமேல், கண்ணாடிப் பையில், புத்தம்புது கத்திரி ஒன்று கிடந்தது.

"அலாரப் பலகைக்கு அடியிலதான் கிடைச்சுது," என்றார் மேலாளர். "இதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த ஒயரைப் பார்க்கணும் சார்," என்றார் தராசு.

"பலகையையே மாத்தியாச்சு. பழசு கழிவு லாரியில போயிடுச்சு. போட்டோ இருக்கு, பாருங்க."

தராசு செல்போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். சோடா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அறுந்த ஒயரின் செம்பு நுனி பச்சை பூத்திருந்தது.

"அன்னிக்கு வெட்டின செம்புன்னா பளபளன்னு இருக்கணுமே சார். இது அறுந்து மாசக்கணக்கு ஆன மாதிரி இருக்கு."

"போட்டோவுல நிறம் மாறும் மேடம்."

"பலகை இருந்தா மாறாது."

"அதான் இல்லியே."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்று சோடா பொங்கப் பார்த்தான். தராசு கோபப்படவில்லை. கண்ணாடிப் பையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு சோடாவிடம் நீட்டினார்.

"சோடா, சார் மேஜையில இருக்கிற அந்தப் பழைய காலண்டர் தாளைக் கொஞ்சம் வெட்டு."

மேலாளர் தலையசைத்தார். சோடா கத்திரியை வெளியே எடுத்து விரலை நுழைத்தான். திறக்கவில்லை. இன்னும் இழுத்தான். ஊஹூம்.

"என்ன மேடம் இது, புதுசா கல்யாணம் ஆன ஜோடி மாதிரி பிரியவே மாட்டேங்குது?"

பிடிகள் இரண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இறுக்கியிருந்தது. கடையில் கட்டி அனுப்பும் பட்டை. நிறமில்லாததால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

"வாயே திறக்காத கத்திரி ஒயரை எப்படி சார் கடிச்சுது?" என்றார் தராசு.

மேலாளர் கத்திரியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவருக்கு வேறொரு பிடி கிடைத்திருந்தது.

"சரி, வெட்டலேன்னே வச்சுக்குவோம். சூடு ஏறினப்ப யாரையாவது கூப்பிட்டாரா? இல்லே. அப்ப தூங்கினாரு. கூப்பிட்டாருன்னு காட்டுங்க, அப்ப யார் தப்புன்னு பார்த்து, அந்த ஆள் கணக்குல எழுதிக்கறேன். தொகை எங்கேயாவது நிக்கணும் இல்லே?"

வெளியே வந்ததும் சோடா துள்ளினான். "பாதி ஜெயிச்சாச்சு மேடம்!"

"பாதி மூட்டையை இறக்கிட்டுப் போனா கூலி குடுப்பாங்களா?" என்றார் தராசு. "வெட்டாத புதுக் கத்திரி அங்க எதுக்கு வந்துச்சு? அதைச் சொல்லு."

*

ஆய்வகத்தில் இருந்த அம்மாளைத் தொழிலாளிகள் மருந்தம்மா என்று கூப்பிட்டார்கள். தொட்டியில் ஊற்றுகிற சரக்கைப் பார்த்துக்கொள்வது அவர்தான். என்ன சரக்கு அது என்று கேட்டதற்கு, டப்பாவிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துச் சோடாவிடம் கொடுத்தார்.

"மெல்லுங்க. முழுங்கக் கூடாது. மென்னுக்கிட்டே இருங்க."

இலவசமாக வந்த வேலை. சோடா விடாமல் மென்றான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இழிக்கிழ்து," என்றான் வாய் நிறைய.

"இனிக்குது இல்லே? நான் சர்க்கரை போடலே. உங்க எச்சில்ல ஒரு நொதி இருக்கு. மாவுங்கறது நீளமான சங்கிலி. அதைக் கண்ணி கண்ணியா வெட்டி இனிப்பாக்குது. வெட்டின இடம் மறுபடி ஒட்டாம இருக்க, நடுவுல தண்ணியைச் சொருகிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணி செலவு. அதனாலதான் அந்தக் குடும்பத்துக்கே நீராற்பகுப்பு நொதின்னு பேரு. வயித்துல கொழுப்பை வெட்டறதும் அந்தக் குடும்பம். துணி சோப்புல கறையை வெட்டறதும் அதே குடும்பம்."

"பாட்டிலை?"

"இலை மேல மெழுகு பூசினாப்பல ஒரு பளபளப்பு இருக்கும் பாருங்க, அதை வெட்டித் தின்னற கிருமி குப்பை மேட்டுல உண்டு. அதோட நொதிக்குப் பாட்டில் பிளாஸ்டிக்கும் கிட்டத்தட்ட அதே சங்கிலிதான். அதைத்தான் இங்க பழக்கியிருக்கோம். பாட்டிலைக் கரைக்கும், மூடியைத் தொடாது. மூடி வேற ரகம்."

"எங்க மாமியார் மாதிரி," என்றான் சோடா. "கறியை மட்டும் தின்னுட்டு எலும்பை எனக்கு வைப்பாங்க."

தராசு சிரிக்கவில்லை. "சூடு ஏறினா?"

"ஓரளவு சூடு வேணும். அப்பத்தான் மும்முரமா வெட்டும். அளவு தாண்டினா முட்டை வெந்த மாதிரி. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டை ஆக்க முடியுமா? அன்னிக்கு அதான் ஆச்சு. நீராவியை அடைக்கிற திருகு திறந்தபடியே இறுகிடுச்சு. பாவம் அந்த மனுஷன். நொதின்னா அவருக்கு வாயில வராது. முதல் நாள் நான் 'இது ஒரு மாதிரி கத்திரிங்க, வெட்டிக்கிட்டே போகும்'னு சொன்னேன். அதுலேர்ந்து அவருக்கு அது கத்திரிதான். தொட்டி ஆறினா 'மருந்தம்மா, கத்திரி தூங்குது'ம்பாரு. சூடு கூடினா 'கத்திரி சாகப் பார்க்குது'ம்பாரு. நானும் அவரும் மட்டும் அப்படிப் பேசிக்குவோம்."

ரொட்டி சோடாவின் வாயில் அப்படியே நின்றது.

தராசு மெல்லக் கேட்டார். "அவரு இப்ப ஒரே ஒரு வார்த்தைதான் பேசறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"பேச்சே வரலேன்னுதானே சொன்னாங்க?"

"கத்திரி."

மருந்தம்மா கையிலிருந்த டப்பாவை மேஜையில் வைத்தார். வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது. "கத்திரி சாகுதுன்னு சொல்றாரு," என்றார். "இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. ஒருத்தர்கூட என்கிட்ட வந்து சொல்லலியே..."

ஜன்னல் கட்டையில் அடுக்கியிருந்த அத்தனை கத்திரிகளும் சோடாவின் கண்முன் வந்தன.

"அந்த மாதிரி நேரத்துல அவரு என்ன செய்வாரு?" தராசு விடவில்லை.

"திருகு ஒத்தை ஆளால ஆகாது. ரெண்டு பேர் சேர்ந்து திருகணும். தொட்டியறையில ஒரு போன் இருக்கு. எடுத்தாலே ஸ்டோர்ல மணி அடிக்கும். ஸ்டோர் ஆள் ஓடி வரணும். அதான் முறை."

"அப்ப கூப்பிட்டிருக்காரு மேடம்!" சோடா கத்தியே விட்டான். "'கத்திரி சாகுது'ன்னு போன்ல சொல்லியிருக்காரு. எடுத்தவனுக்கு அந்த பாஷை தெரியாது. நிஜக் கத்திரி கேட்கிறாருன்னு நெனச்சுப் புதுசு ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்! பட்டைகூடப் பிரிக்காம! கேஸ் முடிஞ்சுது. ஸ்டோர்ல அன்னிக்கு இருந்த அந்த மகாராஜன் யாரும்மா?"

"ஏன், புதுசா சேர்ந்திருக்காரே," என்றார் மருந்தம்மா. "அவரோட தம்பிதான்."

பொங்கிய சோடா அப்படியே அடங்கினான்.

*

ஸ்டோரில் தம்பி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தராசு கேட்டவுடன் மறைக்கவில்லை. மறைத்து மறைத்துக் களைத்துப் போனவன் மாதிரி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"போன் வந்துச்சு மேடம். ஒரே இரைச்சல். 'கத்திரி'ன்னு கேட்டுச்சு, 'சீக்கிரம்'னு கேட்டுச்சு. மொக்கையாப் போச்சு போல, வேற கேட்கிறாருன்னு நெனச்சேன். கத்திரிக்கு என்ன அவசரம்னு டீயைக் குடிச்சு முடிச்சுட்டுப் புதுசா ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போனேன். போய்ப் பார்த்தா அண்ணன் திருகுக்கு அடியில... கத்திரியை எங்க போட்டேன்னே தெரியலே."

"இதை ஏன்யா எங்ககிட்ட முதல்லயே சொல்லலே?" என்றான் சோடா.

"எப்படிச் சொல்லுவேன்? கத்திரியால ஒயரை வெட்டிட்டாருங்கறாங்க. அண்ணன் என்கிட்டக் கத்திரி கேட்டாருன்னு நானே வாயைத் திறந்தா அவரை நானே பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆகாதா? உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு நடுங்கினேன். நிஜமாவே வெட்டத்தான் கேட்டாரோன்னு எனக்கே..." அவன் நிமிர்ந்தான். "அவரு எதுக்கு மேடம் கேட்டாரு?"

அதுவரை அவனுக்குத் தெரியாது. தராசுதான் சொல்ல வேண்டியிருந்தது. கத்திரி என்றால் என்ன, அன்று இரண்டு பேர் சேர்ந்து என்ன செய்திருக்க வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். சோடா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மூட்டை சரிந்து ஆள்மேல் விழுவதைப் பார்த்திருக்கிறான். அப்போதும் இப்படித்தான், யாராலும் நடுவில் பிடிக்க முடியாது.

"அப்ப நான் டீ குடிக்கிற நேரத்துல அவரு ஒத்தையா அதைத் திருகிக்கிட்டு இருந்தாரா?" என்றான் தம்பி.

அவன் பெட்டியை விட்டு எழுந்தான்.

"மேனேஜர்கிட்ட வாங்க மேடம். சொல்லிடறேன்."

"சொன்னா உங்க அண்ணன் பேர்ல இருக்கிற கறை போகும்," என்றார் தராசு. "அவசரத்துக்குக் கூப்பிட்டும் போகாதவர்னு அந்தத் தொகை அப்படியே உங்க பேர்ல ஏறும். உங்களுக்கும் வேலை போகும். அப்புறம் அந்த வீட்டுல சம்பாதிக்க யாரு? அலாரம் செத்துக் கிடந்தது கம்பெனி தப்பு. அதைக் காட்டறதுக்கு இருந்த பலகை குப்பையில போயிடுச்சு. எங்கிட்ட இருக்கிறது ஒரு பட்டை கட்டின கத்திரி மட்டும்தான்."

தராசு எதையும் தூக்கிப் பார்க்காமல் வெறும் கையோடு நிற்பதைச் சோடா அன்றுதான் பார்த்தான்.

*

மறுநாள் காலை தராசும் சோடாவும் தம்பியோடு தொட்டிக்காரர் வீட்டில் இருந்தபோது மேலாளரே அங்கே வந்துவிட்டார். கத்திரி விஷயம் அவரை உறுத்தியிருக்க வேண்டும். கையில் ஒரு தாள், ஒரு மைப்பெட்டி.

"மேலிடத்துல பேசிட்டேன். தொகையை மொத்தமா தள்ளுபடி பண்றோம். பணிக்கொடையை இந்த வாரமே விடறோம். ஒரே ஒரு வரி. 'என் கவனக்குறைவால் நேர்ந்தது, வேறு யார் மீதும் புகார் இல்லை.' அவ்வளவுதான். கேஸ், கோர்ட்டுன்னு போனா எத்தனை வருஷமோ. அதுவரைக்கும் இவரு வாய்..." அவர் முடிப்பதற்குள் செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

தராசு கட்டிலருகே குனிந்தார்.

"ஐயா, கத்திரின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டோம். மருந்தம்மா சொன்னாங்க. தொட்டி சூடேறிச்சு, நீங்க தூங்கலே. போன் பண்ணிக் கூப்பிட்டீங்க."

தொட்டிக்காரரின் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. தலையை ஆட்டினார், ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அட கடவுளே," என்றாள். "நான் கத்திரிக்காயை வாங்கிட்டு வந்து காட்டினேனே."

"அதை வெளியில சொன்னா, போனை எடுத்த உங்க தம்பி பேர்ல தொகை போகும்," என்று தராசு தொடர்ந்தார். "சொல்லலேன்னா தப்பு உங்க பேர்லயே நிக்கும். நியாயமான மூணாவது வழி ஒண்ணு இருக்கான்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். எனக்குக் கிடைக்கலே."

"என் பேர்ல போகட்டும் அண்ணே," என்றான் தம்பி. வாசலிலிருந்து மேலாளர் திரும்பி வரும் காலடி கேட்டது. அவன் எழுந்தான். "சார், அன்னிக்கு அந்த போன்..."

தொட்டிக்காரரின் இடது கை பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றியது. இழுத்த இழுப்பில் தம்பி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன போன்?" என்றார் மேலாளர்.



"போன் பில்லு சார்," என்றாள் மனைவி. "அன்னிக்கே கட்டியிருக்கணும், கட்டலேன்னு புலம்பிக்கிட்டு இருக்கான்."

மேலாளர் அதற்குமேல் கேட்கவில்லை. தாளை அட்டைமேல் வைத்து மைப்பெட்டியைத் திறந்தார்.

"ரேகை எதுக்கு சார்?" மனைவியின் குரல் திடீரென்று உயர்ந்தது. "இவருக்கு எழுதத் தெரியும். நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டாரு. சம்பளத் தாள்ல இவரு கையெழுத்தைப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கும்னு."

"வலது கை வராதேம்மா."

அவள் பேனாவை வாங்கி அவருடைய வலது கையில் வைத்து விரல்களை மூடினாள். பேனா வழுக்கிப் போர்வைமேல் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை சோடாதான் குனிந்து எடுத்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ரேகைக்கு இடது கை வேண்டும். இடது கையோ தம்பியின் சட்டையை விடவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி பிடித்திருந்தார். கடைசியில் தம்பி, அழுதுகொண்டே, பேச மாட்டேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அதன் பிறகுதான் விரல்கள் தளர்ந்தன.

தொட்டிக்காரர் தானாகவே கட்டைவிரலை மையில் அழுத்தி, தானாகவே தாளில் பதித்தார். பிறகு அந்தக் கையைத் தம்பியின் மணிக்கட்டில் வைத்துக்கொண்டார். அங்கேயும் மை ஒட்டியது.

மேலாளர் தாளைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்த நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறின் குறுக்கே இன்னொரு பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதினார். மை உலர இரண்டு தடவை ஊதினார்.

"அவ்வளவுதான்," என்றார். "கடன் தீர்ந்துது."